வேணுமா, வேணும்

என் மகன் முதன்முதலில் பேசிய முழு வாக்கியம் "தண்ணி வேணுமா?" என்பது. அப்போது அவனுக்கு மூன்றரை வயது. அதுவரை அம்மா என்றுகூட அழைத்ததில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க மாட்டான். மிக்ஸியைப் போட்டால் காதைப் பொத்திக்கொண்டு ஏணியில் ஏறிப் பரணுக்குப் போய்விடுவான். தாராவியில் எங்கள் வீடு ஒரே அறைதான், ஓடி ஒளிய வேறு இடமும் கிடையாது. அப்படிப்பட்டவன் ஒரு நாள் சாயங்காலம், நான் வேலை விட்டு வந்து செருப்பைக் கழற்றும்போது, தண்ணீர் டிரம்முக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, நான் கேட்கிற அதே இழுப்போடு, "தண்ணி வேணுமா?" என்றான்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. பெற்ற பிள்ளை, அதுவும் பேசாத பிள்ளை, அம்மா வெயிலில் நடந்து வந்திருக்கிறாளே என்று கேட்கிறது. "அம்மாவுக்கு வேண்டாம்டா ராசா, எஞ் செல்லம்" என்று அள்ளி எடுத்து முத்தம் கொடுத்தேன். அவன் கைகாலை உதறிக்கொண்டு அலறினான். தூக்கினால் அலறுவது அவனுக்கு வழக்கம்தான், அதனால் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

தெரு முழுக்கச் சொல்லி முடித்துவிட்டுத்தான் அன்று உலை வைத்தேன். எதிர் வீட்டு அக்கா எங்கள் ஊர்ப் பக்கம், திருநெல்வேலிக்குத் தெற்கே. அவர் மூக்கில் விரலை வைத்தார். "ஏளா, எம் மவனுக்கு நாப்பது வயசாச்சு. இன்னிக்கு வர எனக்கு ஒரு செம்பு தண்ணி மோந்து தந்ததில்ல. ஒனக்கு வாச்சிருக்கான் பாரு" என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. குர்லாவில் லேத் பட்டறையில் வேலை செய்யும் என் வீட்டுக்காரர் இரவு வந்ததும் அவரையும் அதே கேள்வி கேட்டான். "ஏட்டி, என்னயும் கேக்கான்!" என்று அவர் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது.

இப்படியே கிட்டத்தட்ட ஒரு வருஷம் போயிற்று. தண்ணி வேணுமா, பால் வேணுமா, பிஸ்கட் வேணுமா. கேட்கும்போதெல்லாம் நான் "வேண்டாம்டா தங்கம்" என்பேன். உடனே அவன் தலையைத் தரையில் முட்டுவான். என்ன கோபம் இந்தப் பிள்ளைக்கு, அம்மா வேண்டாம் என்று சொன்னால் மனசு கஷ்டப்படுகிறதோ என்று நினைத்து, சில நாள் "சரி, வேணும்" என்று சொல்லி ஒரு டம்ளர் மோந்து, அவன் கண் முன்னாலேயே நான் குடித்திருக்கிறேன். அப்போது இன்னும் பலமாக முட்டுவான். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிரியமும் கோபமும் ஒரே நேரத்தில் வருகிற பிறவி என்று நானே ஒரு முடிவுக்கு வந்திருந்தேன்.

நாலரை வயதில் ஆஸ்பத்திரியில் ஆட்டிசம் என்று சொன்னார்கள். அந்த வார்த்தையை அன்றுதான் கேட்டேன். எத்தனை மாசம் மருந்து சாப்பிட வேண்டும் என்று என் வீட்டுக்காரர் டாக்டரிடம் கேட்டார். மருந்து எதுவும் கிடையாது, பேச்சுப் பயிற்சிக்கு அனுப்புங்கள், பழக்கிப் பழக்கித்தான் கொண்டுவர வேண்டும் என்றார் அவர். எழுதிக் கொடுத்த சீட்டில் மாட்டுங்காவில் ஒரு தமிழ் டீச்சரின் விலாசம் இருந்தது.

எனக்கு இருந்த பயம் ஒன்றே ஒன்றுதான். சயான் பக்கம் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ரசீது போடுகிறேன். நாள் முழுக்க அவன் கூடவே இருக்க என்னால் முடியாது. நான் இல்லாத இடத்தில், தனக்கு என்ன வேண்டும் என்று இவன் யாரிடமாவது சொல்லுவானா? முதல் ரேங்க் வாங்க வேண்டாம், மேடை ஏறிப் பாட வேண்டாம். பசிக்கிறது, தாகமாக இருக்கிறது, ஒண்ணுக்கு வருகிறது. இவ்வளவு சொல்லிவிட்டால் போதும், ஒரு பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டுவிடலாம். சொல்லத் தெரியாத பிள்ளையை எந்தப் பள்ளிக்கூடம் வைத்துக்கொள்ளும்?

மாட்டுங்கா டீச்சர் பாலக்காட்டுக் குடும்பம். அவர் பேசும் தமிழ் வேறு, நாங்கள் பேசும் தமிழ் வேறு. கீழ்த்தளத்தில் முன்னறையில் ஒரு மேஜை, இரண்டு குட்டி நாற்காலி, மேஜைமேல் ஒரு தண்ணீர் பாட்டில். உள்ளே நுழைந்ததும் என் மகன் பாட்டிலைப் பார்த்து, "தண்ணி வேணுமா?" என்றான்.

"பாத்தீங்களா டீச்சர், வந்த உடனே உங்களக் கேக்கான். ரொம்பப் பாசமான பிள்ள" என்றேன் நான்.

டீச்சர் பாட்டிலைத் திறந்து ஒரு சின்னக் கோப்பையில் பாதி ஊற்றி அவனிடம் நீட்டினார். குடித்தான். மறுபடி "தண்ணி வேணுமா?" என்றான். மறுபடி ஊற்றினார், மறுபடி குடித்தான். மூன்றாவது தடவையும் குடித்துவிட்டு, அழாமல், முட்டாமல், நாற்காலியில் போய் உட்கார்ந்தான்.

"இங்க பாருங்கோ, அவன் என்னைக் கேக்கலை. உங்களையும் கேக்கலை" என்றார் டீச்சர். "தனக்கு வேணும்னு சொல்றானாக்கும். நீங்க 'தண்ணி வேணுமா'ன்னு கேக்கறேள், உடனே தண்ணி வரது. அப்போ தண்ணியை வரவழைக்கற வார்த்தை அதுதான்னு அவன் வச்சுண்டிருக்கான். அவன் கணக்குல தப்பே இல்லை."

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். "எம் பிள்ள என்னக் கேக்கானா இல்லையான்னு எனக்குத் தெரியாதா? நீங்களா பெத்தீய? பத்து நிமிசம் பாத்துட்டு என்ன பேச்சு பேசுதீய?" என்று கத்திவிட்டு, அவனை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அந்த டீச்சரை மனசுக்குள் திட்டிக்கொண்டே வந்தேன். என் பிள்ளையிடம் எனக்கென்று இருந்தது அந்த ஒரு கேள்விதான். அதையும் இந்தம்மா பிடுங்கிக்கொண்டாளே என்றுதான் இருந்தது. இரண்டு வாரம் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

டீச்சரிடம் கத்திவிட்டு வந்த அன்று சாயங்காலமே என் வீட்டுக்காரர் வந்து மோரியில் கை கழுவினார். மோரி என்றால் எங்கள் வீடுகளில் அறையின் ஓரத்தில் தடுப்புக் கட்டிய கழுவுமிடம், குளிப்பதும் பாத்திரம் துலக்குவதும் பிள்ளைகள் ஒண்ணுக்குப் போவதும் அங்கேதான். அவர் கை கழுவி முடிக்கும்வரை நான் டீச்சரைத் திட்டித் தீர்த்தேன். அவர் கிரீஸைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் தலையைத் தூக்காமல் சொன்னார்.

"ஏட்டி, அப்ப நாம வேண்டாம் வேண்டாம்னு சொன்னப்பல்லாம் அவனுக்குத் தாகமா இருந்திருக்குல்லா."

ஒரு வருஷம். என் பிள்ளை தண்ணீர் கேட்டு நின்றிருக்கிறான். நான் வேண்டாம் என்று சொல்லிச் சிரித்திருக்கிறேன், முத்தம் கொடுத்திருக்கிறேன். கேட்ட பிள்ளையின் முன்னால் நின்று நானே குடித்துக் காட்டியிருக்கிறேன். அன்று நான் அழுத அழுகையைப் பார்த்து என் வீட்டுக்காரர் பயந்துபோய், சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்ளப் பார்த்தார். "டீச்சரு சொன்னது தப்பாக்கூட இருக்கலாம்ட்டி" என்றார். தப்பில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

மறுநாள் இன்னொன்றும் தெரிந்தது. பக்கத்து வீட்டில் உத்தரப் பிரதேசத்துக் குடும்பம். அந்த வீட்டு அண்ணிதான், பாபி என்று கூப்பிடுவோம், நான் வேலைக்குப் போகும்போது எதிர் வீட்டு அக்காவோடு முறை வைத்து இவனைப் பார்த்துக்கொள்வாள். நான் அழுது வீங்கிய முகத்தோடு விஷயத்தைச் சொன்னதும் அவள் ஆச்சரியப்பட்டாள். "எங்கிட்ட வந்து 'பானி சாஹியே' என்பான். நான் கொடுப்பேன். தினமும் கொடுக்கிறேனே!" என்றாள் இந்தியில்.

இந்தியில் கேள்விக்கும் பதிலுக்கும் வார்த்தை ஒன்றுதான். 'சாஹியே' என்று இழுத்தால் வேண்டுமா, இழுக்காவிட்டால் வேண்டும். பாபி இழுப்பைக் கவனிக்கவில்லை. பிள்ளை தண்ணீர் என்றான், அவள் தண்ணீர் கொடுத்தாள், அவ்வளவுதான். தமிழில் மட்டும் நடுவில் ஒரு 'மா' வந்து நின்றுகொண்டது. என்னிடம் கேட்டுக் கிடைக்காத தண்ணீரை என் மகன் பக்கத்து வீட்டில் வாங்கிக் குடித்திருக்கிறான். நிம்மதியாகவும் இருந்தது, வயிறு எரியவும் செய்தது.

"அப்ப இந்தியிலயே பேசிட்டாப் போச்சு" என்றார் என் வீட்டுக்காரர். எனக்குச் சம்மதமில்லை. ரயிலிலும் வேலையிலும் நாள் பூராவும் இந்தி பேசுகிறேன், அது வேறு. எனக்குக் கோபம் வந்தால் இந்தி வராது, கொஞ்சல் வந்தாலும் வராது. என்னிடம் கேட்க வேண்டியதை என் பிள்ளை என் பேச்சில்தான் கேட்க வேண்டும் என்று எனக்கு ஒரு வீம்பு. அந்த வீம்போடுதான் மறுபடி மாட்டுங்கா போனேன்.

நான் இரண்டு வாரம் வராததைப் பற்றி டீச்சர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நேற்று விட்ட இடத்திலிருந்து தொடர்வதுபோல, "ஒரே ஒரு எழுத்துதான் வெட்டணும். 'மா'வை எடுத்துட்டா முடிஞ்சுது. இங்கிலீஷா இருந்தா நான், நீ எல்லாம் மாத்திச் சொல்லிக் குடுக்கணும். நம்ம பாஷையில 'எனக்கு' இல்லாமலேயே 'வேணும்'னு சொல்லலாம், பாதி வேலை மிச்சம்" என்றார். அந்த எழுத்தை வெட்டுவதற்கு அவர் சொன்ன வழி எங்களுக்கு வந்த சோதனை. வீட்டில் யாரும் இனி அவனைக் கேள்வியே கேட்கக் கூடாது. அவன் என்ன சொல்ல வேண்டுமோ அதை அவன் இடத்தில் நின்று நாங்கள் சொல்ல வேண்டும். தண்ணீரை எடுத்தால் "தண்ணி வேணும்" என்று சொல்லிக்கொண்டே கொடுக்க வேண்டும். தட்டை வைத்தால் "பசிக்குது." மோரிக்குக் கூட்டிப் போனால் "போகணும்."

திருநெல்வேலிக்காரர்களிடம் போய்க் கேள்வி கேட்காதே என்றால் நடக்கிற காரியமா? எங்கள் பேச்சில் பாதி கேள்விதான். எங்கன போற? சாப்பிட்டியா? என்ன கொளம்பு? பதில் யாருக்கும் வேண்டாம், கேட்டால் போதும். எதிர் வீட்டு அக்காவுக்கு விளக்கிச் சொல்ல எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. "பிள்ளகிட்ட சாப்பிட்டியான்னு கேக்கக் கூடாதா? இது என்னளா அநியாயமா இருக்கு!" என்று சண்டைக்கே வந்துவிட்டார். பிறகு புரிந்துகொண்டு, வாசலில் உட்கார்ந்து அவன் முன்னால் பிஸ்கட்டை நீட்டி, "எனக்கு பிஸ்கட் வேணும்! எனக்கு பிஸ்கட் வேணும்!" என்று தெருவே கேட்கச் சொல்லுவார். போகிற வருகிறவர்கள், என்ன இந்த அம்மா சின்னப் பிள்ளையிடம் பிஸ்கட்டுக்கு இப்படி அடித்துக்கொள்கிறது என்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

எனக்கும் அந்த மானக்கேடு உண்டு. பழ வண்டிக்காரரின் முன்னால் நின்று என் மகன் முகத்தைப் பார்த்து "வாழப்பழம் வேணும்" என்றால், வண்டிக்காரர் பழத்தை என்னிடம் நீட்டுவார். என் வீட்டுக்காரருக்கு இன்னும் கஷ்டம். அவர் யாரிடமும் எதையும் வேண்டும் என்று கேட்காத ஆள். ஒரு தடவை குர்லா ஸ்டேஷனில் பட்டறை ஆட்கள் நாலு பேர் நிற்க, மகனைப் பார்த்து "முட்டாய் வேணும், முட்டாய் வேணும்" என்று சொல்ல வேண்டியதாகிவிட்டது. மறுநாள் லேத் மேல் ஒரு மிட்டாய்ப் பொட்டலம் வைத்திருந்தார்களாம். சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

நான்கு மாதம் ஒன்றும் நடக்கவில்லை. அவன் பாட்டுக்கு "வேணுமா?" என்றான், நாங்கள் பாட்டுக்கு "வேணும்" என்றோம். ஒரு காலை நல்ல தண்ணீர் வந்து நான் டிரம்மை நிரப்பிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து நின்று, "தண்ணி வேணும்" என்றான். 'ம்' சொன்னதும் வாயை இறுக்க மூடிக்கொண்டான், அந்த 'மா' வெளியே வந்துவிடாமல் பிடித்துவைக்கிறாற்போல. நான் குழாயை அப்படியே விட்டுவிட்டு டம்ளரைத் தேடினேன். டிரம் வழிந்து வாசல் வரைக்கும் தண்ணீர். யார் வீட்டில் தண்ணீர் வீணாகிறது என்று தெருவில் சத்தம். "எம் பிள்ள தண்ணி கேட்டான், எம் பிள்ள கேட்டான்" என்று நான் பதிலுக்குக் கத்தினேன்.

ஆறு வயதில் செம்பூரில் ஒரு இங்கிலீஷ் மீடியம் பள்ளிக்கூடத்தில் சேர்த்தோம். அதற்குமுன் ஏறி இறங்கிய பள்ளிக்கூடங்களைச் சொன்னால் எனக்கு மறுபடி கோபம் வரும், விட்டுவிடுகிறேன். செம்பூர் பிரின்ஸ்பல் மட்டும் ஒரு நிபந்தனையோடு சேர்த்துக்கொண்டார். தீபாவளி லீவு வரைக்கும் அம்மா வகுப்பில் கடைசியில் உட்கார்ந்துகொள்ளலாம். அதற்குப் பிறகு பிள்ளை தனியாக இருக்க வேண்டும். பாத்ரூம் வந்தால் அவனே சொல்ல வேண்டும். சொல்லவில்லை என்றால் நாங்கள் வேறு இடம் பார்த்துக்கொள்ள வேண்டும். சட்டப்படி அப்படிச் சொல்லக் கூடாது என்று பின்னால் தெரிந்துகொண்டேன். அன்று தெரியாது, தலையாட்டிவிட்டு வந்தேன். பரிசோதனைக் கூடத்தில் கெஞ்சி மத்தியான வேலைக்கு மாற்றிக்கொண்டேன்.

ஜூனிலிருந்து கடைசிப் பெஞ்சுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் நான். முன் வரிசையில் அவன். வகுப்பு டீச்சர் மராத்திக்காரி, சின்ன வயது, குரலை உயர்த்தாதவள். அவன் இடத்தைவிட்டு எழுந்தால் உட்கார்த்துவேன், காதைப் பொத்தினால் வெளியே கூட்டிப் போவேன். அவன் நெளிய ஆரம்பித்தாலே எனக்குத் தெரிந்துவிடும். அவன் வாயைத் திறக்கும் முன்னாலேயே எழுந்து கூட்டிக்கொண்டு போய்விடுவேன். வகுப்பு நனைந்துவிடக் கூடாது என்கிற பயம் எனக்கு.

அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒண்ணுக்கு வந்தால் எழுந்து நின்று, "மே ஐ கோ டு த டாய்லெட், டீச்சர்?" என்று கேட்க வேண்டும். கேள்வி! ஒன்றரை வருஷம் உயிரைக் கொடுத்துக் கேள்வியை வெட்டி எடுத்தால், இங்கே மறுபடி கேள்வியாகக் கேள் என்கிறார்கள். டீச்சர் வகுப்பு முழுவதையும் சேர்ந்து சொல்ல வைப்பாள். என் மகனும் சேர்ந்து சொல்லுவான், அழகாகச் சொல்லுவான். கணக்குப் பாடத்தில் சொல்லுவான், பிரார்த்தனையில் சொல்லுவான். கூட்டிக்கொண்டு போனால் ஒன்றும் வராது. நிஜமாக வந்தால் தமிழில் "போகணும்" என்பான். ஒரு காரியத்துக்கு ஒரு சொல் என்று அவன் பிடித்துக்கொண்டால் பிறகு மாற்ற முடியாது.

பிரின்ஸ்பலிடம் போய், இவன் மட்டும் அவன் வார்த்தையில் சொல்லட்டுமே என்று இந்தியில் கேட்டேன். எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே விதி என்றார் அவர். நான் விளக்கினேன். அவர் மறுபடியும் விதி என்றார். எனக்கு வந்ததே கோபம், இந்தி எங்கேயோ போய்விட்டது. "ஏம்மா, ஒங்க ஸ்கூல்ல ஒண்ணுக்கு வந்தாக்கூட இங்கிலீஷ்லதான் வரணுமா?" என்று தமிழில் கத்திவிட்டேன். பிரின்ஸ்பலுக்குப் புரியவில்லை. கதவருகே நின்ற பியூன் அண்ணன் சேலத்துக்காரர், அவருக்குப் புரிந்துவிட்டது. சிரிப்பை அடக்க முடியாமல் ஃபைலால் முகத்தை மறைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அந்தப் பிரச்சினையைத் தீர்த்தவள் வகுப்பு டீச்சர். ஒருவரிடமும் கேட்கவில்லை. என்னிடம் அந்த வார்த்தையை மூன்று தடவை சொல்லச் சொல்லி, தேவநாகரியில் 'போகணும்' என்று ஒரு சீட்டில் எழுதி, வருகைப் பதிவேட்டின் உள்ளட்டையில் ஒட்டிக்கொண்டாள். ஆயாவிடமும் சொல்லிவைத்தாள். "அவன் சொன்னால் நான் அனுப்பிவிடுவேன். ஆனால் அவன் என்னிடம் சொல்ல வேண்டும். நீங்கள்தான் சொல்ல விடுவதில்லை" என்றாள். சுருக்கென்றது. அவள் சொன்னது நியாயம். நான் அந்த நாற்காலியில் இருக்கிறவரை அவனுக்கு யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டிய தேவையே இல்லை. சொல்லுகிறானா என்று பார்க்கக் கையைக் கட்டிக்கொண்டு உட்காரலாம் என்றால், அவன் நெளிந்ததும் என் கால் தானாக எழுந்துவிடுகிறது.

தீபாவளி லீவுக்குப் பத்து நாள் இருந்தது. அதுவரை அவன் டீச்சரிடம் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. வேறு பள்ளிக்கூடம் தேட வேண்டியதுதான் என்று என் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன். மாட்டுங்கா டீச்சர் மட்டும், "இருங்கோ, அவசரப்படாதேங்கோ" என்றார்.

அன்று திங்கள்கிழமை. முதல் பாடவேளை பாதியில் அவன் தன் இடத்தைவிட்டு எழுந்து நேராக என்னிடம் வந்தான். என் முகத்தைப் பார்க்கவில்லை, பார்க்க மாட்டான். என் தோளுக்கு மேலே சுவரைப் பார்த்துக்கொண்டு, "அம்மா போகணும்" என்றான்.

அம்மா! வாயைத் திறந்து என்னைக் கூப்பிட்டுவிட்டு ஒண்ணுக்கு வருகிறது என்கிறான். முன்பெல்லாம் 'போகணும்' மட்டும்தான், யாரிடம் சொல்கிறான் என்பதே இருக்காது. சந்தோஷமாகக் கூட்டிக்கொண்டு போனேன். கழிப்பறையில் நின்றான், ஒன்றும் வரவில்லை. சரி என்று திரும்பக் கூட்டி வந்து உட்கார்த்தினேன். ஐந்து நிமிஷத்தில் மறுபடி வந்தான். "அம்மா போகணும்." மறுபடி கூட்டிப் போனேன். ஒன்றும் வரவில்லை. மூன்றாவது தடவை வந்தபோது எனக்கு எரிச்சலாகிவிட்டது. "போயிட்டுத்தான வந்தோம்? என்னல வெளையாடுத?" என்று அடிக்குரலில் அதட்டினேன்.

அவன் குனிந்து நாற்காலிக்கு அடியில் இருந்த என் கைப்பையை எடுத்தான். என் மடியில் வைத்தான். என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தான். எழுந்து அவன் பின்னாலேயே போனேன். வகுப்பு வாசல் வந்ததும் என்னை வெளியே விட்டுவிட்டு அவன் உள்ளேயே நின்றுகொண்டான். இரண்டு கையாலும் என் வயிற்றில் வைத்து மெல்லத் தள்ளினான்.

"அம்மா போகணும்" என்றான்.

அவன் என்னைக் கூப்பிடவே இல்லை. நான்தான் போக வேண்டும் என்கிறான். மூன்று தடவை பொறுமையாகச் சொல்லியிருக்கிறான், இரண்டு தடவை நான் அவனைக் கழிப்பறைக்கு இழுத்துப் போயிருக்கிறேன், மூன்றாவது தடவை அதட்டியிருக்கிறேன். தண்ணீர் விஷயத்தில் ஒரு வருஷம் எடுத்துக்கொண்டேன். இந்தத் தடவை கால் மணி நேரத்தில் விளங்கிவிட்டது.

டீச்சர் கரும்பலகையருகில் நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அந்த வார்த்தை தெரியும், சீட்டில் எழுதி ஒட்டிவைத்திருக்கிறாளே. பதிவேட்டைப் பார்க்காமலேயே என்னிடம் கையைக் காட்டினாள், போங்கள் என்று. அவன் திரும்பி நடந்து தன் இடத்தில் போய் உட்கார்ந்து பென்சிலை எடுத்துக்கொண்டான். என் பிளாஸ்டிக் நாற்காலி காலியாக இருந்தது. அவன் ஏன் அப்படிச் சொன்னான்? மற்றப் பிள்ளைகளுக்கு அம்மா பின்னால் உட்காரவில்லை என்று பார்த்திருப்பானோ, நான் அடிக்கடி எழுந்து வருவது பிடிக்கவில்லையோ, அந்த நாற்காலி வரிசையில் இல்லாமல் கோணலாக இருந்தது பிடிக்கவில்லையோ. இன்றுவரை எனக்குத் தெரியாது. அவன் மனதில் இருப்பதை நானாகச் சொல்லி ஒரு தடவை பட்டதே போதும்.

அன்று பத்தரை மணிக்கு அவன் டீச்சரின் மேஜையருகே போய்ப் "போகணும்" என்று சொன்னதும், ஆயா கூட்டிப் போய் வந்ததும், தீபாவளிக்குப் பிறகும் அவன் வரலாம் என்று பிரின்ஸ்பல் வாயால் சொன்னதும் அப்புறம் எனக்குத் தெரியவந்தவை. அந்த வாசலில் நிற்கும்போது ஒன்றும் தெரியாது. திரும்பிப் பார்த்தால் உள்ளே போய்விடுவேன் என்று பையைத் தோளில் மாட்டிக்கொண்டு விறுவிறுவென்று படியிறங்கினேன்.

கேட்டில் பியூன் அண்ணன் உட்கார்ந்திருந்தார். என்னைத் தனியாகப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

"என்னம்மா, இவ்ளோ சீக்கிரம் கெளம்பிட்டீங்க? பையன் எங்க?"

"கிளாஸ்ல இருக்காண்ணே" என்றேன். "என்னப் போகச் சொல்லிட்டான்."

அவர் பதறிப்போய், யார் போகச் சொன்னது, பிரின்ஸ்பலா, டீச்சரா என்று கேட்டார். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்துவிட்டது. கண்ணைத் துடைக்கக்கூடத் தோன்றவில்லை.

"எம் மவன்ணே" என்றேன். "எம் மவன் அவன் வாயால சொல்லிட்டான்."